மஞ்சணத்திப்பட்டிப் பிள்ளைகள் எடை கூடிய கதை

சரித்திரப் புத்தகம் வாசிக்கிற பிள்ளைகளுக்கு எடை கூடுகிறது என்று மஞ்சணத்திப்பட்டியில் முதலில் சொன்னது மனுஷ வாய் இல்லை, சுகாதார நிலையத்து நர்ஸம்மா தூக்கிக்கொண்டு வந்த எடை மிஷின். மனுஷ வாய் சொல்லியிருந்தால் அந்த ஊர் நம்பியிருக்காது, ஏனென்றால் அது கரிசல்காட்டு ஊர், மழை வரும் என்று ரேடியோ சொன்னாலும் வாசலுக்கு வந்து கையை நீட்டிப் பார்த்த பிறகுதான் காயப்போட்ட வத்தலை எடுக்கிற ஊர். பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமைக்கிற சீனியம்மாள் அந்நேரம் முட்டை உரித்துக்கொண்டிருந்தாள். நர்ஸம்மா அவளைக் கூப்பிட்டு மிஷின்மேல் நின்ற பையனைக் காட்டினாள். பையன் என்னவோ எப்போதும்போல ஈர்க்குச்சிக்குச் சட்டை மாட்டிய மாதிரிதான் நின்றான், மிஷின் மட்டும் அவனை முக்கால் மூட்டை அரிசி என்றது.

“என்னத்தப் போட்டுச் சமைக்க, சீனியம்மா? போன தடவ இவன் இதுல பாதிகூட இல்லையே.”

“நான் என்னத்தப் போட்டேன்? கவர்மெண்டு குடுக்கிற பருப்பத்தான் போட்டேன். அதுலயும் பாதி கல்லு.”

நர்ஸம்மா மிஷினைக் குலுக்கினாள், தட்டினாள், அதன்மேல் தானே ஏறி நின்று தன் எடையைப் பார்த்து முகம் சுளித்து இறங்கினாள். மிஷினில் குற்றமில்லை. அன்றைக்கு எடை பார்த்த பிள்ளைகளில் நாலைந்து பேர் மட்டும் இப்படிக் கனத்தார்கள். அந்த நாலைந்து பேரும் என்ன சாப்பிட்டார்கள், எந்தக் குளத்தில் குளித்தார்கள் என்றெல்லாம் கேட்டுக் கேட்டுக் கடைசியில் தெரிந்தது, அவர்கள் எல்லாரும் பள்ளிக்கூடத்துக்கு நேரங்கழித்து வந்ததற்காக எஸ்தர் டீச்சரிடம் தண்டனை வாங்கியவர்கள் என்பது. தண்டனை என்னவென்றால், பீரோவில் உள்ள சரித்திரப் புத்தகத்தில் ஒன்றை எடுத்து உட்கார்ந்து வாசிக்க வேண்டும்.

அந்த பீரோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எஸ்தர் டீச்சர் கடற்கரைப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர், சமூக அறிவியல் நடத்துகிறவர், சரித்திரம் என்றால் சோறு தண்ணீர் மறந்துபோகிறவர். எங்கெங்கோ கெஞ்சி வாங்கி ஒரு பீரோ நிறையச் சரித்திரப் புத்தகம் சேர்த்து வைத்திருந்தார், பிள்ளைகள் தொட்டால்தானே. மிட்டாய் தருகிறேன் என்றார், மிட்டாயை வாங்கிக்கொண்டு ஓடினார்கள். அட்டைக் கிரீடம் செய்து ராஜாவேஷம் போட்டு நடித்துக் காட்டினார், கிரீடத்தைப் பிடுங்கி விளையாடினார்கள். செத்துப்போனவங்க சண்டை நமக்கு எதுக்கு டீச்சர் என்று ஒரு பெண்பிள்ளை நேராகவே கேட்டது. கேட்டது வேறு யாருமில்லை, சீனியம்மாளின் மகள் கோமதிதான். கடைசியில் பாவம், உலகத்தில் தான் மிகவும் நேசித்த பொருளையே தண்டனையாகக் கொடுக்கிற நிலைமைக்கு அந்த டீச்சர் வந்திருந்தார்.

வேறு ஊராக இருந்தால் இந்த அதிசயத்துக்கு அறிவியல்காரர்களைக் கூப்பிட்டிருப்பார்கள், பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டிருப்பார்கள். மஞ்சணத்திப்பட்டித் தாய்மார்கள் செய்தது வேறு. பிள்ளை மெலிந்திருக்கிறது, பிள்ளை மெலிந்திருக்கிறது என்று மாமியாரிடமும் நாத்தனாரிடமும் நர்ஸம்மாவிடமும் வருஷக்கணக்காகப் பேச்சு வாங்கிச் சலித்தவர்கள் அவர்கள். புத்தகத்தில் சத்து இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டார்கள். மறுநாள் காலையில் பள்ளிக்கூட வாசலில் ஒரே கூட்டம். வெறும் வயிற்றில் வாசிக்க வேண்டுமா, சாப்பிட்டபின் வாசிக்க வேண்டுமா என்று எஸ்தர் டீச்சரைக் கேட்டார்கள். கணக்குப் புத்தகம் வாசித்தால் ஏறாதா என்று கேட்டார்கள். அதையும் வாசிக்க வைத்து, நர்ஸம்மா அங்கேயே விட்டுப்போன மிஷினில் ஏற்றிப் பார்த்தார்கள், ஏறவில்லை, அறிவியலுக்கும் ஏறவில்லை, செய்யுளுக்கு ஏறினதுபோல் இருந்து இறங்கிவிட்டது. சரித்திரத்துக்கு மட்டும்தான் ஏறியது.

அதற்குப் பிறகு பீரோவைப் பூட்ட நேரமில்லை. சாயங்காலம் ஆனால் வீட்டுக்கு வீடு, “ஏல, ரெண்டு பக்கமாவது வாசிச்சிட்டுத் தூங்கு, உடம்பப் பாரு கருவாடு மாதிரி” என்று சத்தம் கேட்டது. காய்ச்சலில் கிடந்த பிள்ளைக்குத் தகப்பன் தலைமாட்டில் உட்கார்ந்து கப்பற்படையெடுப்பைக் கஞ்சிபோல் புகட்டினான். சீனியம்மாளின் புருஷன் கருத்தப்பாண்டி ஆட்டுத் தரகர், உயிர் எடைக்கு ஆடு விற்கிறவர், அவர் சும்மா இருப்பாரா? மகளின் பாடப் புத்தகத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு போய், சந்தைக்குப் போகிற வழியில் கிடாய்களை நிழலில் நிறுத்தி வைத்து ஒரு போர் முழுவதையும் சத்தமாக வாசித்தார். கிடாய்கள் அசைபோட்டுக்கொண்டே கேட்டன, தராசில் நிறுத்தபோது ஒவ்வொன்றும் கூடத்தான் இருந்தது. அறுத்த பிறகு கறி குறைகிறதே என்று கசாப்புக்கடைக்காரர் சண்டைக்கு வந்தார். மூச்சு நின்றதும் அந்த எடை போய்விடுகிறது என்பது அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது.

இன்னொன்றும் அப்போதுதான் தெரிந்தது. காது கொடுத்துக் கேட்டவர் எல்லாருக்கும் எடை பங்காகிவிடுகிறது, வாசித்தவருக்குத் தன் பங்குதான் மிச்சம். இது தெரிந்ததும் பிள்ளைகள் உதடு அசையாமல் வாசிக்கக் கற்றுக்கொண்டார்கள். ஏனென்றால் அவர்களுக்குத் தாய்மார்களைப்போல் சத்துக் கவலை கிடையாது, அவர்களுக்கு வேண்டியது வேறு. பொங்கலுக்குப் பக்கத்து ஊரோடு கயிறு இழுக்கும் போட்டி நடக்கும், மஞ்சணத்திப்பட்டி என்றைக்கும் தோற்கிற ஊர், இந்த வருஷம் ஜெயிக்கலாம் என்று ஆகிவிட்டது. அதனால் பிள்ளைகள் எடைக்காகப் பக்கங்களை வேட்டையாடினார்கள். அப்படித் தேடும்போது ஒரு விசித்திரம் தட்டுப்பட்டது. ராஜா பட்டம் சூட்டிய அத்தியாயம் முழுவதையும் வாசித்தாலும் ஒரு கைப்பிடி உளுந்தளவுதான் ஏறியது, அந்த ராஜாவின் கோட்டைக்குக் கல் சுமந்தவர்கள் என்று ஓரமாக ஒரு வரி வந்தால் சட்டென்று ஏறியது. பிள்ளைகள் ராஜாக்களைத் தாண்டித் தாண்டி, கல் சுமந்தவர்களையும் கப்பலில் ஏற்றப்பட்டவர்களையும் தேடிப் போனார்கள். எஸ்தர் டீச்சர் வாசலில் நின்று இதைப் பார்த்துச் சந்தோஷத்தில் அழுதேவிட்டார். எதற்காக வாசித்தால் என்ன, வாசிக்கிறார்களே என்று சீனியம்மாளிடம் சொன்னார்.

சீனியம்மாளுக்கு இருந்த ஒரே குறை, ஊர்ப் பிள்ளையெல்லாம் வாசிக்க, தன் வீட்டுப் பிள்ளை வாசிக்காதது. தான் சமைத்த சோற்றைத் தின்றும் வளராத பிள்ளை என்று ஊர் பேசுகிறதே என்று அவளுக்கு ரோஷம். கெஞ்சினாள், விளக்குமாற்றைத் தூக்கினாள், கோமதி மசியவில்லை. கடைசியில் அவளை மசிய வைத்தது கயிறு. பெண்பிள்ளைகளின் அணிக்கு ஆள் எடுத்தபோது, “நீ எதுக்கு கோமதி? காயப்போட்ட துணி மாதிரி கயித்துல தொங்குறதுக்கா?” என்று தோழிகளே சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு மத்தியானம் அவள் சோறுகூடத் தின்னாமல் நேரே பீரோவுக்குப் போனாள்.

பீரோ காலியாக இருந்தது. கனத்த புத்தகங்களையெல்லாம் மற்ற பிள்ளைகள் கொண்டுபோய்விட்டார்கள். பீரோவின் ஒரு கால் குட்டை, அது ஆடாமல் இருக்க அடியில் முட்டுக்கொடுத்திருந்த மெல்லிய புத்தகம் ஒன்றுதான் மிச்சம். அட்டை கிழிந்துபோன புத்தகம். இந்தப் பக்கத்து ஊர்களிலெல்லாம் நடந்து, பழைய ஆட்களிடம் கேட்டுக் கேட்டு எழுதி, தன் கைக்காசில் அச்சடித்த ஏதோ ஒரு காலத்து வாத்தியாருடைய புத்தகம். கோமதி அதை உருவினாள், பீரோ ஒரு பக்கம் சாய்ந்தது. பங்கு கேட்க யாரும் வந்துவிடக் கூடாதென்று சத்துணவுக் கூடத்துச் சாமான் அறைக்குள் போய், அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து, உதடு அசையாமல் வாசித்தாள்.

சாப்பாட்டு மணி அடித்து, பிள்ளைகள் தட்டு கழுவி முடித்த பிறகு, சீனியம்மாள் மகளைத் தேடி வந்தாள். கோமதி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவளைச் சுற்றிச் சிமெண்டுத் தரை அப்பளம்போல் வெடித்திருந்தது. எந்திரிட்டி என்று கையைப் பிடித்துத் தூக்கினாள் சீனியம்மாள், கை வந்தது, ஆள் வரவில்லை. கட்டிப் பிடித்துத் தூக்கினாள், அசையவில்லை.  இடுப்பில் செருகியிருந்த கரண்டியை எறிந்துவிட்டு மறுபடியும் தூக்கிப் பார்த்தாள்.

“யம்மா, கனமாவே இல்லம்மா,” என்றாள் கோமதி. “தாகமா இருக்கு. தண்ணி குடு.”

ஒரு செம்பு குடித்தாள், இன்னொரு செம்பு குடித்தாள், குடத்தைத் தூக்கிக் குடித்தாள், தாகமா இருக்கு என்றே சொன்னாள்.

கருத்தப்பாண்டி ஓடிவந்தார், ஊரே ஓடிவந்தது. தூக்கிப் பார்த்தார்கள், நெம்பிப் பார்த்தார்கள். இடுப்பில் துணி சுற்றி அதன்மேல் போட்டிக்கு வாங்கி வைத்த புதுக் கயிற்றைக் கட்டி, ஜெயிக்கப்போகிற அணியே இழுத்துப் பார்த்தது, கயிறுதான் அறுந்தது. வெடித்த சிமெண்டுக்கு அடியில் கரிசல் மண். சாயங்காலத்துக்குள் கோமதியின் கால் இரண்டும் மண்ணுக்குள் போய்விட்டன. கரிசல் மண்ணின் குணம் ஊருக்குத் தெரியும், வெயிலுக்குப் பாறை, மழைக்குச் சேறு. ஐப்பசி பிறந்து மேற்கே மேகம் கட்டிக்கொண்டிருந்தது. மழை இறங்கினால் பிள்ளை மண்ணோடு போய்விடும் என்பதை யாரும் சீனியம்மாளிடம் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய தேவையும் இல்லை.

ஆனால் மனுஷக் கூட்டம் இருக்கிறதே, அது எதையும் விழுங்கிச் செரித்துவிடும். மறுநாள் விடிந்தபோது சாமான் அறை வாசலில் ஒருத்தி கோலம் போட்டிருந்தாள். வெளியூரிலிருந்து வேன் பிடித்து ஆட்கள் வந்தார்கள். கல்யாணம் தள்ளிப்போகிறவர்கள் தாலிக்கயிறு கொண்டுவந்து முடிந்தார்கள், எதிரே டீக்கடை முளைத்தது, பூமிக்குள் போகிற அம்மன் என்று பேரும் வைத்தாகிவிட்டது. சீனியம்மாள் மகளைச் சுற்றித் தன் சேலைகளைத் திரையாகக் கட்டினாள். திரையை விலக்கிக் கற்பூரத் தட்டை நீட்டிய ஒருத்தியின் கையைத் தட்டிவிட்டாள்.

“எம்பிள்ள சாமி இல்ல தாயி. அது ஏழாங்கிளாஸ் படிக்குது.”

எஸ்தர் டீச்சர்தான் கோமதியின் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார். “கேட்டாப் பங்காகும்ல சீனியம்மா? ஊரக் கூப்பிடுங்க. எல்லாரும் உக்காந்து கேக்கட்டும்,” என்றார். நியாயமான யோசனை. ஊரும் பெரிய மனசோடு வந்து உட்கார்ந்தது. பஞ்சாயத்துத் தலைவர் ராசாமணி முன்வரிசையில் துண்டை விரித்து உட்கார்ந்து, “வாசி தாயி, உன் கனத்த நாங்க வாங்கிக்கிடுதோம்” என்றார். கோமதி ஓர் இடத்தை விரல் வைத்து வாசிக்கத் தொடங்கினாள்.

“தாது வருஷத்துப் பஞ்சத்தில், துறைமுகத்தில் கஞ்சி ஊற்றுகிறார்கள் என்று கேள்விப்பட்டுத் தெற்கே நடந்து வந்த கூட்டம், வழியில் மஞ்சணத்திப்பட்டியை அடைந்தது. அவ்வூரார் தம் கிணற்றை உடைமுள்ளால் மூடிக் காவல் நின்றனர். கிணற்றில் தண்ணீர் இருந்தது.”

கூட்டத்தில் யாரோ செருமினார்கள். கோமதி அடுத்த வரிக்குப் போனாள், கிணற்றைச் சுற்றி விழுந்து கிடந்தவர்களைப் பற்றிய வரி. கைக்குழந்தையோடு ஒருத்தி வந்தாள் என்று தொடங்கியபோது சீனியம்மாள் எழுந்து, தண்ணி தீந்துபோச்சு, கொண்டாரேன் என்று குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். அவள் திரும்பி வந்தபோது பாதிக் கூட்டம் எழுந்துவிட்டிருந்தது.

“இது நம்மூரா இருக்காது,” என்றார் ராசாமணி. “அப்படியே இருந்தாலும் வத்துன கிணறாத்தான் இருக்கும். பிள்ளைக விழுந்துரும்னு மூடியிருப்பாக. எழுதுன ஆளுக்கு நம்மமேல என்ன காந்தலோ.”

“கிணற்றில் தண்ணீர் இருந்ததுன்னு போட்டுருக்கு தாத்தா.”

“வேற பக்கம் வாசி தாயி. கோயில் கட்டுனது, குளம் வெட்டுனது ஏதாச்சும் இருந்தா வாசி, கேக்கோம்.”

போய்விட்டார்கள். ஒருத்தர் காதிலும் விழாததுபோல் போய்விட்டார்கள், விழாததால்தான் ஒருத்தர் எடையும் கூடவில்லை. எஸ்தர் டீச்சர் மட்டும் கடைசிவரை உட்கார்ந்து கேட்டார். எனக்கு எவ்வளவு ஏறினாலும் ஏறட்டும் என்று கேட்டார், எழுந்துபோய் மிஷினில் நின்றார். எடை அப்படியே இருந்தது. கருத்தப்பாண்டி அன்றைக்கே தன் ஆடுகளையும் ஊர் ஆடுகளையும் ஓட்டிவந்து பள்ளிக்கூடத்து மைதானத்தை நிறைத்தார், அவற்றோடு தானும் குத்தவைத்து உட்கார்ந்தார். கோமதி ஆடுகளுக்கு வாசித்தாள். ஆடுகள் கேட்டன, ஒன்றுகூடக் கனக்கவில்லை. ஆனால் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போக எழுந்த கருத்தப்பாண்டிக்கு முழங்கால் மடங்கியது. அவர் நடந்த இடமெல்லாம் மண் அமுங்கியது.

“ஆடு எப்படிக் கனக்கும்? ஆடா கிணத்த மூடுச்சு?” என்றார் அவர். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

கோமதி தொடைவரை போயிருந்தாள். சீனியம்மாள் வீடு வீடாகப் போனாள். மதினி, கொஞ்சம் வந்து கேளுங்க, அண்ணாச்சி, ஒரு நிமிஷம் வந்து கேளுங்க என்று ஒவ்வொரு வாசலிலும் நின்றாள். காது மந்தம் என்றார்கள், காட்டில் வேலை கிடக்கிறது என்றார்கள், துஷ்டி கேட்கச் சாவு வீட்டுக்குப் போகிறோம் என்றார்கள். இத்தனை வருஷம் தன் கையால் சோறு போட்டு வளர்த்த பிள்ளைகளின் தாய் தகப்பன் கதவை ஒருக்களித்துப் பேசுவதைப் பார்த்து அவளுக்கு மலைப்பாக இருந்தது. இவர்களோடுதானா இத்தனை காலம் கொண்டும் கொடுத்தும் இருந்தோம் என்று வயிறு எரிந்தாள்.

பெரியவர்கள் வராத இடத்துக்கு அடுத்த நாள் காலையில் பிள்ளைகள் வந்தார்கள். துணி மாதிரி தொங்குவாய் என்று சொன்ன அதே தோழிகள்தான் முதலில் வந்தார்கள். அவர்களுக்கு அதுவரை அகப்படாத கனத்த பக்கம் அது. வாசிடி பார்ப்போம் என்று ஆசையாகத்தான் உட்கார்ந்தார்கள். வாசித்து முடித்தபோது ஒருத்தியும் சிரிக்கவில்லை. எழுந்து நடந்தார்கள், தெருவெல்லாம் பாதம் பதியப் பதிய நடந்து வீடுபோய்ச் சேர்ந்தார்கள், போய் உட்கார்ந்தவர்களை எழுப்ப முடியவில்லை. அடுத்து பையன்கள் வந்தார்கள். அவர்களுக்கு அடுத்துச் சின்ன வகுப்புப் பிள்ளைகள், என்ன ஏது என்று தெரியாமல் அண்ணன் அக்கா போனதால் போனவர்கள். மத்தியானத்துக்குள் மஞ்சணத்திப்பட்டியில் வீட்டுக்கு ஒரு பிள்ளை தரையில் பதிந்து உட்கார்ந்து, தாகமா இருக்கு, தண்ணி குடு என்றது. மொசைக் தரை போட்ட ராசாமணி வீட்டிலும் தரை வெடித்தது. பேரன் நடுக்கூடத்தில் உட்கார்ந்து தாத்தாவைப் பார்த்துத் தண்ணீர் கேட்டான்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது சும்மா சொன்ன பேச்சில்லை. அன்று மத்தியானம் ஊரில் உலை கொதிக்கவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் பெரியவர்கள் தன் பிள்ளைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார்கள், அடித்துக் கேட்டார்கள், அழுது கேட்டார்கள், கடைசியில் காது கொடுத்துக் கேட்டார்கள். கிணற்றில் தண்ணீர் இருந்தது என்று பிள்ளை தன் வாயால் சொன்னது. இருந்துச்சா என்று கேட்டார்கள், இருந்துச்சு என்றது. ராசாமணி, போதும்ல போதும்ல என்று காதைப் பொத்தினார். பிறகு பேரன் முகத்தைப் பார்த்துக் கையை எடுத்தார். பிள்ளைகள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன. பெரியவர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்கள். பால்காரர் சைக்கிளில் ஏறினார், டயர் வெடித்தது. டவுன் பஸ் டிரைவர், இதுக்குமேல இந்த ஊர்ல ஆள் ஏத்த முடியாது என்று இறங்கி நின்றுகொண்டார்.

ஊரே கேட்டுவிட்டது, கோமதி மட்டும் எழவில்லை. இடுப்பளவு மண்ணில் இருந்தாள். கனத்த காலோடு ஊர் மெல்ல மெல்ல நடந்து பள்ளிக்கூடத்தில் வந்து கூடியது. இன்னும் யாரோ பாக்கி என்றார் எஸ்தர் டீச்சர். யார் யார் என்று பார்த்தார்கள். படுக்கையில் கிடந்தவர்களுக்கும் சொல்லியாகிவிட்டது, திருப்பூருக்கு வேலைக்குப் போனவர்களுக்கும் போனில் சொல்லியாகிவிட்டது, அங்கே ஒருவன் பனியன் கம்பெனி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான் என்று தகவல் வந்தது. ராசாமணி கேட்டிருக்க மாட்டார் என்றார்கள் சிலர். அவர் தன் கால் புதைந்த இடத்தைக் காட்டினார். முதல் தூறல் விழுந்தது. சீனியம்மாள் கூட்டத்தைப் பார்த்துக் கத்தினாள்.

“எவளோ ஒருத்தி கேக்காம நிக்கா. எம்பிள்ளயக் கொல்லுறதுக்குன்னே நிக்கா. அவ வெளங்குவாளா? அவ கண்ணு அவிஞ்சு போகாதா?”

“யம்மா,” என்றாள் கோமதி.

“நீ சும்மா இரு. இந்தா, தண்ணி கொண்டாரேன்.”

“யம்மா, நீதாம்மா கேக்கல.”

கூட்டம் அவளைத் திரும்பிப் பார்த்தது. சீனியம்மாளுக்கு யாரோ பிடரியில் அறைந்த மாதிரி இருந்தது. நானா, ராப்பகலாப் பக்கத்துலயே கிடக்கிற நானா என்று சொல்ல வாயெடுத்தாள். உண்மை அவளுக்கே தெரியும். ஊருக்கு வாசித்தபோது எழுந்துபோனாள், ஆடுகளுக்கு வாசித்தபோது புல்லுக்கட்டை அவிழ்க்கப் போனாள், பிள்ளைகளுக்கு வாசித்தபோது வீடு வீடாகப் போயிருந்தாள். ஒவ்வொரு தடவையும் கைக்குழந்தைக்காரி வருகிற இடத்தில் அவளுக்கு ஒரு வேலை வந்துவிட்டது. அந்த இடத்துக்கு மேல் என்ன வரும் என்று வாசிக்காமலே அவள் வயிற்றுக்குத் தெரிந்திருந்தது. அவள் உள்ளூரில் பிறந்து உள்ளூரிலேயே மாமன் மகனுக்கு வாக்கப்பட்டவள். அவள் பிறந்த வீட்டுப் பெண்கள் மிச்சத் தண்ணீரை மண்ணில் கொட்ட மாட்டார்கள். குடித்து மிஞ்சிய ஒரு மடக்கானாலும் செடிக்கு ஊற்றுவார்கள், கோழிக்கு வைப்பார்கள், வெறும் மண்ணில் கொட்டக் கூடாது. சின்னப் பிள்ளையில் தெரியாமல் கொட்டியதற்கு அவள் அம்மா கை சிவக்க அடித்திருக்கிறாள். ஏன்மா என்றால், தெரியல, நம்ம வீட்டுல கொட்டக் கூடாது, அவ்வளவுதான் என்பாள்.

சீனியம்மாள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு மகளுக்கு எதிரே உட்கார்ந்தாள். “வாசி,” என்றாள்.

கூரையில் தூறல் விழுகிற சத்தத்துக்கு மேலே கோமதி குரலை உயர்த்தி வாசித்தாள். “கைக்குழந்தையோடு ஒருத்தி வந்தாள். எனக்கு வேண்டாம், பிள்ளையின் நாக்கை நனைக்க ஒரு கை தண்ணீர் போதும் என்று கும்பிட்டாள். காவல் நின்றவர்களில் ஒரு பெண் இடுப்பில் நிறைகுடம் வைத்திருந்தாள். இவளுக்குக் கொடுத்தால் பின்னால் வருகிறவர்களுக்கும் கொடுக்க வேண்டி வரும் என்று சொல்லி, அவள் கண்முன்னேயே குடத்தை மண்ணில் கவிழ்த்தாள்.”

கருத்தப்பாண்டி மனைவியின் தோளைத் தொடக் கையை நீட்டிப் பிறகு எடுத்துக்கொண்டார்.

“அது எங்க வீட்டு ஆளு,” என்றாள் சீனியம்மாள். எல்லாருக்கும் கேட்கும்படியாகவே சொன்னாள். “எங்க ஆத்தாளுக்கு ஆத்தாளுக்கு ஆத்தா, அவளுக்கும் ஆத்தா. எங்க வீட்டுப் பொம்பளதான் கவுத்தா.”

சொல்லி வாய் மூடவில்லை, கனம் அவள்மேல் இறங்கியது, அவளுக்குக் கீழே மண் அமுங்கியது. எதிரே கோமதியை ஈரத்தில் கடலைச்செடி பிடுங்குகிறதுபோல் தோழிகள் கையைப் பிடித்து இழுத்தார்கள், வந்துவிட்டாள். அறையில் இருந்தவர்கள் பெருமூச்சு விட்டார்கள், எஸ்தர் டீச்சர் ஸ்தோத்திரம் சொன்னார். மகள் பிழைத்தாள் என்று சீனியம்மாள் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதிருக்க வேண்டும், ஊரும் அதைத்தான் எதிர்பார்த்து நின்றது. அவள் மகளின் கையிலிருந்த புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்தப் பிள்ள என்னாச்சு?”

கோமதி பக்கத்தைப் புரட்டினாள். முன்னும் பின்னும் புரட்டினாள். “எழுதலம்மா. அதோட முடிஞ்சிருக்கு.”

“எழுதாம எப்படி விடுவாக? ஒரு பிள்ள என்னாச்சுன்னு எழுதாம எப்படி விடுவாக?” அவள் குரல் கிறீச்சிட்டது. “அடுத்த ஊர்ல எவளாவது ஒரு வாய் ஊத்தியிருப்பால்ல? எவனாவது தூக்கிட்டுப் போயிருப்பான்ல? வேற எதுலயாவது போட்டுருக்கும்ல? டீச்சர், நீங்க சொல்லுங்க, போட்டுருக்கும்ல?”

எஸ்தர் டீச்சருக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷம் சரித்திரம் நடத்தியவர், தெரியவில்லை என்றுதான் சொன்னார். ஊரில் ஒருத்தருக்கும் அந்தக் கேள்வி தோன்றியிருக்கவில்லை. தங்கள் கனத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கப் பழகுவதிலேயே குறியாக இருந்துவிட்டார்கள். இப்போது ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிள்ளைகள்தான் முதலில் கலைந்தார்கள். மழையில் நனைந்துகொண்டே வீட்டுக்கு ஓடி, கயிற்றுக்காகக் கொண்டுபோன புத்தகங்களை வயிற்றில் சட்டைக்குள் வைத்துக்கொண்டு திரும்பி வந்தார்கள். அரிசி மூட்டைமேலும் அடுப்படியிலும் தரையிலுமாக உட்கார்ந்தார்கள். எல்லாரும் சத்தமாகவே வாசித்தார்கள், எடை யாருக்குப் பங்காகிறது என்று எவரும் பார்க்கவில்லை.

சீனியம்மாளை அன்றைக்கு எழுப்ப முடியவில்லை. தூக்க வந்தவர்களை அவளே வேண்டாம் என்றாள். கோமதி அம்மாவின் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து, பெரிய புத்தகம் ஒன்றை மடியில் வைத்து விரலால் வரி வரியாகத் தடவிக்கொண்டே போனாள். வெகுநேரம் கழித்து அதன் கடைசிப் பக்கத்தை மூடினாள்.

“இதுல இல்லம்மா,” என்று சொல்லிவிட்டு அடுத்ததை எடுத்தாள்.